குயீன் மேரியில் பின்னேரத் தேத்தண்ணி

சரியாக மூன்றரை மணி. மூலையில் இருந்த வயலின்காரர்கள் ஒரு மெட்டைத் தொடங்க, வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கையுறையும் போட்ட வெயிட்டர்மார் ஆளுக்கொரு பளபளக்கும் கேத்திலோடு வரிசையாக உள்ளே வந்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவர், கோயிலில் தட்டெடுத்து வருவதுபோல. அம்மா கதிரையிலிருந்து எழும்பிவிட்டா.

“ஆருக்குப் பிள்ளை கல்யாணம்?”

“ஒருத்தருக்கும் இல்லை அம்மா. இருங்கோ. உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வருகினம்.”

அம்மா நம்பவில்லை. கேத்திலோடு ஒரு பொடியன் எங்கள் மேசையடியில் வந்து நின்று, குனிந்து, அம்மாவின் கோப்பையை நிரப்பினான். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தா. நான் நேரே சொல்லிவிடுகிறேன்: என் வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் எத்தனையோ தேத்தண்ணி குடித்திருக்கிறேன். குயீன் மேரி 2 கப்பலில் குடித்த பின்னேரத் தேத்தண்ணிக்கு ஒன்றும் கிட்ட வராது. இதை நான் மட்டும் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். தேத்தண்ணி விற்றே எங்களை வளர்த்த அம்மா சொன்னா. அதனால்தான் எழுதுகிறேன்.

திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே வந்தால், உப்புவெளி கழிய வருவது சாம்பல்தீவு. பெயரில்தான் தீவு. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் பாலம். அந்த வீதிக்கரையில் ஓலைக் கொட்டிலாகத் தொடங்கி, பிறகு தகரம் போட்ட கடை அம்மாவுடையது. விடியற்காலை வலை இழுத்துவிட்டு வருகிறவர்களுக்கு இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணி. பத்து மணிக்கு பஸ் ஆட்களுக்குப் பால் தேத்தண்ணியும் பணிசும். சல்லி அம்மன் கோயில் திருவிழா நாட்களில் அடுப்பு அணையவே அணையாது. சண்டைக் காலத்தில் எத்தனை தரம் பூட்டினோம், எத்தனை தரம் திறந்தோம் என்று கணக்கில்லை. பின்னேரம் மூன்றரைதான் கடையில் ஆகப் பரபரப்பான நேரம். எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த நேரத்தில் அம்மா இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

இப்போது அம்மா லண்டனில் எங்களோடு. எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு எங்கே போவோம் என்று கேட்டபோது, “பெரிய ராணிக் கப்பல் எண்டு ஒண்டு இருக்காமே, அது இன்னும் ஓடுதா?” என்று கேட்டா. அந்தப் பெரிய ராணிக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது.

அம்மாவின் அப்பா, எங்கள் தாத்தா, சிறுவனாக இருந்தபோது திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பலைப் பார்த்தாராம். மூன்று புகைக்கூண்டு. உடம்பெல்லாம் சாம்பல் நிறம். ஊரே அதைப் பார்க்கப் போனதாம். அதன் சங்கு சாம்பல்தீவு வரைக்கும் கேட்டதாம். நாங்கள் சிரிப்போம். தாத்தாவின் கதைகளில் மீன்கள் ஆளுயரம் இருக்கும், மழை ஒரு மாதம் விடாது பெய்யும். கப்பலும் அந்த வகை என்று நினைத்தோம். பிறகு நான் வளர்ந்து, புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தபோது வெட்கப்பட்டேன். 1936இல் முதற்பயணம் போன குயீன் மேரிக்கு மூன்று புகைக்கூண்டுதான். போர் தொடங்கியதும் அதற்குச் சாம்பல் நிறம் அடித்துப் படைவீரர்களை ஏற்றினார்கள். 1941இல் குயீன் மேரியும் குயீன் எலிசபெத்தும் ஆஸ்திரேலியப் படைகளைச் சிட்னியிலிருந்து சூயஸ் கொண்டுபோன வழியில் திருகோணமலையில் தரித்துத்தான் போயின. அத்தனை பெரிய கப்பல்கள் தாராளமாக உள்ளே வந்து நிற்கும் ஆழம் எங்கள் துறைமுகத்துக்கு உண்டு. தாத்தா பொய் சொல்லவில்லை.

அந்தக் குயீன் மேரி 1967இல் ஓய்வுபெற்று, இப்போது கலிபோர்னியாவின் லோங் பீச்சில் நிலையாக நிற்கிறது. அதன் பெயரைத் தாங்கி, அதே குனார்ட் நிறுவனத்துக்காகப் பிரான்சின் சென் நசேர் துறையில் கட்டிய கப்பல்தான் குயீன் மேரி 2. 2004 ஜனவரியில் எலிசபெத் மகாராணியே வந்து பெயர் சூட்டினார். 345 மீற்றர் நீளம். முன்னணியத்திலிருந்து பின்னணியம் வரை ஒருதரம் நடந்துவிட்டு வந்து, “நிலாவெளிச் சந்தைக்குப் போய் வந்த மாதிரிக் கால் உளையுது” என்றா அம்மா. சவுதாம்ப்டனில் ஏறினால் ஏழு இரவு கடலில். எட்டாம் நாள் விடிய நியூயோர்க்.

தேத்தண்ணிக்கு வருவோம்.

குயீன்ஸ் ரூம் என்பது மூன்றாம் தளத்தில் உள்ள நடன மண்டபம். கடலில் ஓடும் நடன மண்டபங்களில் இதுதான் பெரியது என்று பெருமையாகச் சொல்வார்கள். உயர்ந்த கூரை, தொங்கும் சரவிளக்கு, நடுவே மினுங்கும் மரத்தரை, சுற்றிவர வெள்ளை விரிப்புப் போட்ட சின்னச் சின்ன மேசைகள். இரவில் ஆடுகிற இடத்தில் பின்னேரம் தேத்தண்ணி. கதிரைகள் ஆழமானவை. இருந்தால் எழும்ப மனம் வராது.

முதலில் தேத்தண்ணி. அதற்குப் பிறகு தட்டுகள். விளிம்பு வெட்டி, விரல் அகலத்துக்கு நறுக்கிய பாண் துண்டுகளுக்குள் வெள்ளரிக்காய், முட்டை, சமன் மீன். மூன்றாவதாக ஸ்கோன், இளஞ்சூட்டோடு. கடைசியாகக் கையளவு கேக்குகள், பழம் வைத்த சின்னத் தட்டப்பங்கள். ஒன்று முடிய ஒன்று வரும். தட்டு வெறுமையாக விடமாட்டார்கள். “போதும்” என்று கையை விரித்துக் காட்டும்வரை அந்தக் கையுறைக் கைகள் வந்துகொண்டே இருக்கும். ஊரில் பந்தியில் இருக்கும்போது இலையை மறைத்துக்கொள்வோமே, அப்படி நான் தட்டை மறைத்தேன். அம்மா மறைக்கவில்லை.

இந்த வெள்ளரிக்காய்ப் பாண் துண்டைப் பற்றி ஒரு பந்தி எழுதாமல் விட முடியாது. வெள்ளரிக்காயும் பாணும் வெண்ணெயும், அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று அலட்சியமாகத்தான் எடுத்தேன். வெள்ளரிக்காயைக் கடதாசி போல மெல்லிசாகச் சீவியிருந்தார்கள். வெண்ணெய் பாணின் மூலை முடுக்கெல்லாம் பூசப்பட்டிருந்தது. அது பூசுவது ருசிக்காக மட்டுமில்லை, வெள்ளரித் தண்ணீர் ஊறிப் பாண் நமுத்துப் போகாமல் இருக்கவும்தான் என்று அம்மா ஒரே கடியில் கண்டுபிடித்தா. “கட்லட்டை வாழையிலையில சுத்திறது மாதிரித்தான்.” தொழில் தெரிந்தவ.

அதே தொழில் அறிவு தேத்தண்ணியிலும் வேலை செய்தது. முதல் கோப்பையை மூக்கடியில் பிடித்து மணந்தா. யன்னல் வெளிச்சத்துக்குச் சரித்து நிறம் பார்த்தா. ஒரு மிடறு குடித்தா. பிறகு அந்தப் பிலிப்பைன்ஸ் பொடியனைக் கூப்பிட்டு, ஒரு விரலை உயர்த்தி, “தம்பி, ஸ்ரோங்” என்றா. அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போய், இலங்கைத் தேயிலை கூடுதலாகப் போட்டு இன்னொரு கேத்தில் கொண்டுவந்தான். அடுத்த நாள் நாங்கள் வாய் திறக்கவில்லை. அம்மா கதிரையில் இருந்த கையோடு அந்தச் சாயம் கூடின கேத்தில் மேசைக்கு வந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. ஆயிரக்கணக்கான பயணிகள் உள்ள கப்பலில் ஒரு கிழவியின் சாயம் அவன் நினைவில் நின்றது.

இதற்கு மேலே ஒரு கூத்தும் நடந்தது. எங்கள் ஊரில் வெறுந்தேத்தண்ணிக்குச் சீனியைக் கோப்பையில் போடுவதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, அல்லது ஒரு துண்டுப் பனங்கட்டி. அதைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணியை உறிஞ்சுவது. சரவிளக்கின் கீழே, வயலின் இசைக்கு நடுவே, அம்மா ஒரு சீனிக்கட்டியை எடுத்துக் கடைவாயில் வைத்து ‘கடக்’ என்று கடித்துவிட்டா. பக்கத்து மேசையில் ஒரு ஆங்கிலேய அம்மையார், முத்துமாலையும் தானுமாக, திரும்பிப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் கொஞ்சம் யோசித்தார். தானும் ஒரு சீனிக்கட்டியை எடுத்தார். கடித்தார். ஒரு மிடறு குடித்தார். அதன் பிறகு நியூயோர்க் வரைக்கும் அவர் அப்படித்தான் குடித்தார்.

ஸ்கோன் பற்றி இங்கிலாந்தில் ஒரு பரம்பரைச் சண்டை உண்டு. டெவன்காரர் முதலில் கிறீம் பூசி மேலே ஜாம் வைப்பார்கள். கோர்ன்வால்காரர் முதலில் ஜாம், மேலே கிறீம். கேட்டால் குடும்பமே பிரியும். அம்மா இந்தச் சண்டைக்குள் போகவில்லை. கிறீமை மட்டும் கரண்டியால் தொட்டு நாக்கில் வைத்தா. கண்ணை மூடினா. “இது ஏடு” என்றா. கிண்ணியாவிலிருந்து வரும் எருமைத் தயிர்ச் சட்டியைத் திறந்தால் மேலே மஞ்சள் பாரித்துத் தடிப்பாக நிற்குமே, அந்த ஏடு. அம்மா சொன்னது சரிதான். பாலை அகலமான பாத்திரத்தில் மெல்லிய சூட்டில் வைத்து, மேலே திரண்டு வருவதை எடுப்பதுதான் இந்தக் கிறீம். “பாணி இருந்தால் இன்னும் திறம்” என்று முடித்தா. கித்துள் பாணியும் ஸ்கோனும்! எழுதும்போதே வாயூறுகிறது. நான் ஆசையில் இரண்டு கரண்டி கிறீமை ஒன்றாக அள்ளப் போய், பாதி என் காஞ்சிபுரம் சேலையில் விழுந்தது. கறை இன்னும் இருக்கிறது. கழுவக் கொடுக்க மனம் வரவில்லை.

பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா மரியா, மதியத்துக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே பசி தாங்காமல் தேத்தண்ணியும் பாண் துண்டும் கேட்டுப் பழகியதிலிருந்துதான் இந்தப் பின்னேர வழக்கம் வந்தது என்பார்கள். அது 1840 அளவில். அதே 1840 ஜூலையில்தான் சாமுவேல் குனார்ட்டின் முதல் கப்பலான பிரிட்டானியா லிவர்பூலிலிருந்து ஹலிஃபக்சுக்கும் பொஸ்டனுக்கும் புறப்பட்டது. அந்தக் கப்பலில் பயணிகளுக்குப் புதுப்பால் கொடுக்க ஒரு பசுவும் போனது. இதைச் சொன்னதும் அம்மாவுக்கு அந்தக் கொம்பனியின் மேல் மரியாதை பிறந்துவிட்டது. “அவனுக்குத் தேத்தண்ணி தெரியும்.”

அன்றைக்கு இலங்கையில் தேயிலைத் தோட்டமே இல்லை, கோப்பிதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக மலைநாடு முழுக்கத் தேயிலைக்கு மாறியது. மாற்றிய கைகள், தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையிறங்கிக் காட்டு வழியே நடந்துபோன சனத்தின் கைகள்.

அந்தச் சனத்தில் ஒருவர் எங்கள் கடையில் இருந்தா. 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து திருகோணமலைப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் பல. அட்டன் பக்கத்திலிருந்து வந்த ஆச்சி ஒருவர் அம்மாவுக்குக் கடையில் கைத்துணை. தண்ணீர் கொதித்துக் குமிழி பெருகும்போதுதான் ஊற்ற வேண்டும், ஊற்றிய பிறகு கேத்திலை ஆட்டக் கூடாது, வடியில் கரண்டி போட்டு நசுக்கினால் கசப்பு இறங்கும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தது அவதான். தேயிலைப் பொதியைப் பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்து, “இது தூள். நல்ல எலை எல்லாம் கப்பலேறிப் போயிரும் தங்கச்சி. பறிச்சவளுக்குத் தூள்தான்” என்பா. சிரித்துக்கொண்டுதான் சொல்வா.

மூன்றாம் நாள், அம்மா கேத்திலின் மூடியைத் திறந்து பார்த்தா. உள்ளே முழு இலை, சுருள் விரிந்து மிதந்துகொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா:

“ஆச்சி சொன்ன கப்பல் இதுதான் பிள்ளை.”

அதற்குப் பிறகு அன்றைக்கு அவ கேக் எடுக்கவில்லை. தேத்தண்ணி மட்டும் மூன்று கோப்பை குடித்தா.

மேற்கே போகும் பயணத்தில் இன்னொரு வரம் உண்டு. லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் ஐந்து மணித்தியால வித்தியாசம். அதனால் ஐந்து இரவுகளில் மணிக்கூட்டை ஒவ்வொரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளச் சொல்வார்கள். அந்த நாட்களுக்கு 25 மணித்தியாலம். விமானத்தில் போனால் உடம்பைப் பிய்த்துப் போடும் அதே ஐந்து மணித்தியாலத்தைக் கப்பலில் ஒவ்வொன்றாக உங்கள் கையில் வைக்கிறார்கள். கூடுதலாகக் கிடைத்ததை நாங்கள் முழுக்க முழுக்கக் குயீன்ஸ் ரூமில்தான் செலவழித்தோம். மூன்றரைக்குப் போய், நாலரைக்கு எல்லாரும் எழும்பிப் போன பிறகும் இருந்தோம். எங்களை எழும்பச் சொல்லி ஒருவரும் பார்க்கவில்லை.

முதல் மூன்று நாளும் அம்மா கடலுக்கு முதுகு காட்டித்தான் இருந்தா. 2004 டிசெம்பர் 26 காலை சுனாமியில் கடை போனது. அலை வரும்போது அம்மா கோயிலுக்குப் போயிருந்ததால் நாங்கள் அம்மாவை இழக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவ கடலை நேரே பார்ப்பதில்லை. பிரைட்டன் கடற்கரைக்குக் கூட்டிப்போனால்கூடக் கடைத்தெருப் பக்கம் திரும்பித்தான் இருப்பா. கப்பற்பயணம் கேட்டவவும் இதே அம்மாதான். நான் காரணம் கேட்கவில்லை. நாலாம் நாள் நாங்கள் கொஞ்சம் முந்திப் போனோம். அம்மா வழக்கமான மேசையைக் கடந்து நடந்து, யன்னலோரக் கதிரையில் போய் இருந்தா. வெளியே அத்திலாந்திக், கருநீலம், வெள்ளைச் சுருள். கோப்பையில் தேத்தண்ணி ஒரு நூல் அளவு இந்தப் பக்கம் சரியும், பிறகு அந்தப் பக்கம் சரியும். அதைப் பார்த்துக்கொண்டே, “பெரிய கடல்தான்” என்றா. பிறகு, “அந்த முட்டை வச்சது இன்னும் ரெண்டு கேள்” என்றா.

தாத்தாவின் கதையில் ஒரு மிச்சம் இருந்தது. சவுதாம்ப்டனில் புறப்பட்டபோது சங்கு ஊதியதே, நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. கப்பலைப் பற்றிப் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, குயீன் மேரி 2இல் உள்ள சங்குகளில் ஒன்று பழைய குயீன் மேரியிலிருந்து கழற்றி வந்து பொருத்தியது. அதன் சத்தம் 10 மைலுக்குக் கேட்கும். திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து சாம்பல்தீவு 10 மைல் வராது. அம்மாவிடம் சொன்னேன். “அப்பு சொன்னா நீங்கள் சிரிக்கிறனீங்கள்” என்றா, வெற்றியோடு.

இனி, போக நினைப்பவர்களுக்கு. பின்னேரத் தேத்தண்ணிக்குத் தனிக் காசு இல்லை, பயணச் சீட்டிலேயே அடங்கும். லண்டன் பெரிய ஹோட்டல்களில் ஓர் ஆளுக்குக் கேட்கும் காசை நினைத்துப் பார்த்தால், ஆறு பின்னேரத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு அப்படிக் கணக்குக் காட்டித்தான் நான் சம்மதம் வாங்கினேன். மேற்கே போகும் பயணத்தையே எடுங்கள். கிழக்கே திரும்பினால் மணித்தியாலங்களைப் பிடுங்கிக்கொள்வார்கள். மதியச் சாப்பாட்டைக் குறையுங்கள். சேலை கட்டுகிறவர்கள் கிறீம் நிறத்தில் கட்டுங்கள். சாயம் கூட வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், தருவார்கள். காலமெல்லாம் மற்றவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று மணிக்கே போய்விடுங்கள். யன்னலோரக் கதிரைகள்தான் முதலில் நிரம்பும்.